செல்லின் வரவு செலவு: நுண்ணுயிரை வைத்து வேதிப்பொருள் செய்ய இறங்குபவருக்கு ஒரு வழிகாட்டி

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் முதலில் தேடுவது ஒரு மரபணுவை. ஏதோ ஒரு பாக்டீரியாவில் பியூட்டனால் என்ற எரிபொருள் ஆல்கஹாலைச் செய்யும் நொதி இருக்கிறது, அதை எடுத்து ஆய்வகங்களில் வழக்கமாக வளர்க்கும் ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் போட்டால் ஈ.கோலையும் பியூட்டனால் செய்துவிடும் என்று கிளம்பிவிடுவார். மரபணு ஒழுங்காக உள்ளே போகும். நொதியும் உருவாகும். பியூட்டனால் மட்டும் வராது, வந்தாலும் கருவி காட்டக்கூடிய அளவின் விளிம்பில் ஊசலாடிக்கொண்டிருக்கும். அதற்குள் ஆறு மாதம் ஓடியிருக்கும்.

செல்லுக்கு நீங்கள் கேட்கும் பொருள் தேவையே இல்லை. அதற்கு வேண்டியதெல்லாம் இன்னொரு செல். உள்ளே வரும் சர்க்கரையின் ஒவ்வொரு கார்பனுக்கும் ஒவ்வொரு எலெக்ட்ரானுக்கும் அது ஏற்கெனவே செலவு எழுதி வைத்திருக்கிறது. அந்தக் கணக்கைப் படிக்காமல் நடுவில் போய்ப் பங்கு கேட்டால் கிடைக்காது. அதனால் இந்த வழிகாட்டியில் பிப்பெட் பாதிக்கு மேல்தான் கைக்கு வரும். அதுவரை காகிதமும் பென்சிலும் போதும்.

படி 1: எதைச் செய்யப் போகிறீர்கள்?

எரிபொருளும் மருந்தும் இரண்டுமே "நுண்ணுயிர் செய்த வேதிப்பொருள்"தான் என்றாலும் இரண்டும் வேறு வேறு ஆட்டம். எரிபொருள் மலிவான சரக்கு. அதன் அடக்க விலையில் பெரும்பகுதி உள்ளே ஊற்றும் சர்க்கரையே. அங்கே சர்க்கரையில் பத்தில் ஒரு பங்கு வேறு பக்கம் ஒழுகினாலும் தொழில் படுத்துவிடும். மருந்துக்கான மூலப்பொருளில் அவ்வளவு கறார் தேவையில்லை. முதலில் பொருள் வந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்க்கலாம்.

மலேரியா மருந்தான ஆர்ட்டிமிசினின் கதை இதற்கு நல்ல உதாரணம். அதன் முன்னோடியான ஆர்ட்டிமிசினிக் அமிலத்தை ஜே கீஸ்லிங்கின் குழு 2006-இல் ஈஸ்டில் செய்து காட்டியபோது லிட்டருக்கு 100 மில்லிகிராம் அளவில்தான் கிடைத்தது. 2013-இல் அது லிட்டருக்கு 25 கிராம் ஆனது. நடுவில் ஏழு வருட உழைப்பு. மருந்து என்பதால் அந்த 100 மில்லிகிராமுக்கே மதிப்பு இருந்தது, வேலையும் தொடர்ந்தது. எத்தனாலில் 100 மில்லிகிராம் என்று சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள்.

எந்தப் பொருளானாலும் மூன்று எண்கள் உங்களைத் துரத்திக்கொண்டே வரும். ஒரு லிட்டர் திரவத்தில் எத்தனை கிராம் சேர்கிறது என்பது செறிவு. ஒரு லிட்டரில் ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு உருவாகிறது என்பது வேகம். ஒரு கிராம் சர்க்கரைக்கு எத்தனை கிராம் பொருள் கிடைக்கிறது என்பது விளைச்சல். புதியவர்கள் செறிவையே பெருமையாகச் சொல்வார்கள். எரிபொருள் பக்கம் போகிறீர்கள் என்றால் விளைச்சலை முதலில் பாருங்கள். செறிவைப் பிறகு ஏற்றலாம். கார்பன் வேறு வழியில் போய்க்கொண்டிருந்தால் எத்தனை நாள் ஓட்டினாலும் விளைச்சல் ஏறாது.

வெறும் பழக்கத்துக்காகத்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் என் பரிந்துரை லைக்கோப்பீன். பாண்டோயா என்ற பாக்டீரியாவின் சிஆர்டிஈ, சிஆர்டிபி, சிஆர்டிஐ ஆகிய மூன்று மரபணுக்களை ஈ.கோலையில் போட்டால் போதும், பிளேட்டில் காலனிகள் சிவக்கத் தொடங்கும். எந்தப் பெரிய கருவியும் இல்லாமல் கண்ணாலேயே முடிவு தெரியும். அசிட்டோனில் சாயத்தைப் பிரித்தெடுத்து 470 நானோமீட்டருக்குப் பக்கத்தில் ஒளி உறிஞ்சுதலை அளந்தால் எண்ணும் கிடைத்துவிடும்.

படி 2: கார்பன் கணக்கு, எலெக்ட்ரான் கணக்கு

அவசரப்பட வேண்டாத இடம் இதுதான்.

கார்பனில் தொடங்குவோம். ஒரு மோல் குளுக்கோஸ் 180 கிராம். அதிலிருந்து அதிகபட்சம் 2 மோல் எத்தனாலும் 2 மோல் கார்பன் டை ஆக்சைடும் வரும். எத்தனால் 92 கிராம், வாயு 88 கிராம். அதாவது ஒரு கிராம் குளுக்கோஸுக்கு 0.51 கிராம் எத்தனால். அதற்கு மேல் உலகத்தில் எந்த உயிரும் தராது. லாக்டிக் அமிலத்தில் வாயு வெளியேற்றமே இல்லை, 180 கிராமுக்கு 180 கிராம், விளைச்சல் 1. பியூட்டனாலில் ஒரு குளுக்கோஸுக்கு ஒரு பியூட்டனால், அதாவது 74 கிராம், விளைச்சல் 0.41. நீங்கள் செய்யப் போகும் பொருளுக்கு இந்த உச்ச வரம்பைக் கணக்கிட்டு நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள். பின்னால் யாராவது, சில நேரம் நீங்களே, வரம்பைத் தாண்டிய விளைச்சலைக் காட்டினால் அளவீட்டில் எங்கோ தவறு இருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

அடுத்தது எலெக்ட்ரான். குளுக்கோஸ் இரண்டு பைருவேட்டாக (மூன்று கார்பன் மூலக்கூறு) உடையும்போது இரண்டு என்ஏடிஹெச் உருவாகிறது. என்ஏடிஹெச் என்பது எலெக்ட்ரானைச் சுமந்து வரும் கூலியாள் மாதிரி. சுமையை எங்காவது இறக்கி வைத்தால்தான் அடுத்த நடை போக முடியும். ஆக்சிஜன் இருந்தால் அதன் தலையில் இறக்கிவிடலாம். ஆக்சிஜன் இல்லாவிட்டால் செல் தான் செய்யும் ஏதோ ஒரு பொருளில்தான் இறக்கியாக வேண்டும். நொதித்தல் என்பதே அந்தச் சுமை இறக்கும் வேலைதான்.

இதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். ஈ.கோலைக்குச் சொந்தமாகவே எத்தனால் செய்யத் தெரியும். பிறகு ஏன் அதை எத்தனால் தொழிற்சாலையாக அப்படியே பயன்படுத்த முடியவில்லை? ஆக்சிஜன் இல்லாதபோது அது பைருவேட்டை பைருவேட் ஃபார்மேட் லயேஸ் என்ற நொதியால் உடைக்கிறது. கிடைப்பது ஒரு அசிட்டைல்-கோஏ (இரண்டு கார்பன் துண்டைச் சுமப்பது), ஒரு ஃபார்மேட் (ஒரு கார்பன்). இந்த உடைப்பில் என்ஏடிஹெச் வருவதில்லை. அசிட்டைல்-கோஏவை எத்தனாலாக்க இரண்டு என்ஏடிஹெச் வேண்டும். ஒரு குளுக்கோஸிலிருந்து வரும் இரண்டு அசிட்டைல்-கோஏவையும் எத்தனாலாக்க நான்கு வேண்டும். கையில் இருப்பதோ இரண்டு. ஆகவே செல் ஒன்றை மட்டும் எத்தனாலாக்கி, மற்றொன்றை என்ஏடிஹெச் செலவே இல்லாத அசிட்டேட்டாக வெளியே தள்ளுகிறது. கணக்கு சரியாகிவிடுகிறது, உங்கள் கார்பனில் பாதி போய்விடுகிறது. நீங்கள் எத்தனால் நொதியை நூறு மடங்கு கூட்டினாலும் இதே பாதிதான்.

1987-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் லோனி இங்கிராமின் குழு இந்த முடிச்சை அவிழ்த்த விதம் அழகானது. கள்ளில் வாழும் சைமோமோனாஸ் மொபிலிஸ் என்ற பாக்டீரியாவில் வேறொரு வழி இருக்கிறது. அதன் பைருவேட் டீகார்பாக்சிலேஸ் நொதி பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி நேராக அசிட்டால்டிஹைடு செய்துவிடும். அங்கிருந்து எத்தனாலுக்கு ஒரே ஒரு என்ஏடிஹெச் போதும். இரண்டு பைருவேட்டுக்கு இரண்டு என்ஏடிஹெச், வரவும் செலவும் நேர். அந்த நொதியையும் அதோடு ஓர் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸையும் ஈ.கோலையில் போட்டதும் எத்தனாலே முக்கிய விளைபொருளாகிவிட்டது. இதற்கு 1991-இல் கிடைத்தது அமெரிக்காவின் 50,00,000-ஆவது காப்புரிமை. எண்ணே ஒரு விருது மாதிரி. இங்கே புதிய பொருள் எதுவும் செய்யப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். செல் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த பொருளுக்குக் கணக்கு ஒத்துப்போகும் ஒரு பாதை கிடைத்தது, அவ்வளவுதான்.

படி 3: எந்த உயிர்?

இதற்கு ரொம்ப யோசிக்க வேண்டாம். வேறு காரணம் இல்லையென்றால் ஈ.கோலை கே-12 வகையில் தொடங்குங்கள். சத்தான ஊடகத்தில் 37 டிகிரியில் சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். மரபணு வரைபடம் 1997-இலேயே முழுசாக வந்துவிட்டது. எந்த மரபணுவை எப்படி நீக்குவது என்று கேட்டால் பதில் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்கள்.

ஈஸ்ட் மெதுவானது, இரட்டிப்பாக ஒன்றரை மணி நேரம் எடுக்கும். ஆனால் அமிலத்தைத் தாங்கும். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்கள் அதைத் தொடுவதில்லை, பெரிய தொட்டியில் இது பெரிய நிம்மதி. தாவர நொதிகள், முக்கியமாக சவ்வில் ஒட்டி வேலை செய்யும் பி450 வகை நொதிகள், ஈஸ்டில் நன்றாக ஒத்துழைக்கும். தொல்லை என்னவென்றால் ஈஸ்டுக்குள் அறைகள் உண்டு. அசிட்டைல்-கோஏ மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தாராளமாக இருக்கும், உங்கள் நொதி வெளியே சைட்டோசாலில், அதாவது அறைகளுக்கு வெளியே உள்ள செல் திரவத்தில், கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

அமினோ அமிலங்களுக்கு கோரினிபாக்டீரியம் குளுட்டாமிக்கம் பழுத்த அனுபவசாலி. குளோஸ்ட்ரிடியம் குடும்பம் முதல் உலகப் போர் காலத்திலேயே வேதியியலாளர் சைம் வைஸ்மனின் முறையில் அசிட்டோனும் பியூட்டனாலும் செய்துகொடுத்தது. இன்னொரு வகை குளோஸ்ட்ரிடியம் எஃகு ஆலையின் கழிவு வாயுவையே தின்று எத்தனால் செய்கிறது. ஆனால் ஆக்சிஜன் பட்டால் வேலை நின்றுவிடும், அதற்கென்று தனி அறையும் பயிற்சியும் வேண்டும். முதல் திட்டத்துக்கு அதெல்லாம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மரபணு மாற்றிய உயிரை வளர்க்க உங்கள் நிறுவனத்தின் உயிர்ப் பாதுகாப்புக் குழுவிடம் முன்அனுமதி வாங்க வேண்டும். கே-12 ஆபத்தில்லாத முதல் நிலை வகைதான் என்றாலும், வளர்த்த திரவம் எதையும் 121 டிகிரி ஆட்டோகிளேவில் கொன்ற பிறகே கொட்ட வேண்டும். வீட்டுச் சமையலறையில் செய்யும் வேலை இல்லை.

படி 4: பாதையை வரைவது

கெக், மெட்டாசைக், ஈகோசைக் ஆகிய தரவுத்தளங்களைத் திறந்து வைத்துக்கொண்டு, சர்க்கரையிலிருந்து உங்கள் பொருள் வரை ஒவ்வொரு வினையையும் ஒரு பெரிய தாளில் வரையுங்கள். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் மேலே நான்கு விஷயங்கள் எழுதுங்கள்: எந்த நொதி, என்ஏடிஹெச் போன்ற எந்தத் துணைப்பொருளைக் கேட்கிறது, ஆக்சிஜன் அதற்கு ஆகுமா ஆகாதா, வினை திரும்பியும் ஓடுமா.

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஓடும் வினை அணை இல்லாத வாய்க்கால் மாதிரி. பொருள் கொஞ்சம் சேர்ந்ததும் திரும்பி ஓடத் தொடங்கிவிடும். பாதையில் எங்காவது ஒரு வினையாவது ஒருவழிப்பாதையாக இருக்க வேண்டும்.

பாதை முழுவதும் ஒரே உயிரிலிருந்து வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. செல்லுக்குள் ஏற்கெனவே பெருக்கெடுத்து ஓடும் ஆற்றிலிருந்து ஒரு கிளை வெட்டுவது நல்ல உத்தி. 2008-இல் ஜேம்ஸ் லியாவின் குழு வேலின் அமினோ அமிலம் செய்யும் பாதையின் இடையில் வரும் கீட்டோ அமிலத்தைத் திருப்பிவிட்டு ஐசோபியூட்டனால் செய்தது. இரண்டே இரண்டு புதிய படிகள்: ஒரு டீகார்பாக்சிலேஸ், ஓர் ஆல்கஹால் டீஹைட்ரஜனேஸ். மற்றதெல்லாம் செல் பல கோடி வருடமாகச் செய்துவரும் வேலை.

இயற்கையில் எந்த உயிரும் செய்வதாகத் தெரியாத பொருளுக்கும் பாதை போடலாம். 1,4-பியூட்டேன்டையால் அப்படிப்பட்டது. பிளாஸ்டிக்குக்கும் நீட்சி இழைகளுக்கும் வேண்டிய அந்தப் பொருளை ஜெனோமேட்டிகா நிறுவனம் ஈ.கோலையில் செய்து 2011-இல் வெளியிட்டது. சாத்தியமான பாதைகளைக் கணினியில் ஆயிரக்கணக்கில் உருவாக்கி, வடிகட்டி, கடைசியில் ஒரு சிலவற்றை மட்டும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போனார்கள். புதியவர் அங்கே தொடங்க வேண்டாம்.

படி 5: கணினியில் ஒரு வெள்ளோட்டம்

ஈ.கோலையின் வளர்சிதை மாற்றம் முழுவதையும் சமன்பாடுகளாக எழுதி வைத்த மாதிரிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. 2017-இல் வந்த ஐஎம்எல்1515 என்பதில் 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் உண்டு. பைத்தான் தெரிந்தால் கோப்ராபை என்ற மென்பொருள் தொகுப்பில் அதை ஏற்றி ஓட்டலாம். சாதாரண மடிக்கணினியே போதும்.

குளுக்கோஸ் உட்கொள்ளும் வேகத்தை ஒரு கிராம் உலர் செல்லுக்கு மணிக்கு 10 மில்லிமோல் என்று வையுங்கள். ஆக்சிஜனைப் பூஜ்யமாக்குங்கள். வளர்ச்சியை உச்சமாக்கச் சொல்லுங்கள். நான் மேலே சொன்ன எத்தனால், அசிட்டேட், ஃபார்மேட் கலவை திரையில் அப்படியே வந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது சிலிர்க்கும். அப்புறம் உங்கள் புதிய வினைகளைச் சேருங்கள், ஒவ்வொரு மரபணுவாக நீக்கிப் பாருங்கள், எதை நீக்கினால் உங்கள் பொருளைச் செய்யாமல் வளரவே முடியாத நிலை செல்லுக்கு வருகிறது என்று தேடுங்கள்.

ஆனால் மாதிரி சொல்வது வரம்பை மட்டும்தான். நொதி எவ்வளவு வேகமாக வேலை செய்யும், பொருள் செல்லைக் கொல்லுமா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மாதிரி "முடியாது" என்றால் நம்புங்கள், "முடியும்" என்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டிஎன்ஏ

சரி, இப்போது பிப்பெட்டை எடுக்கலாம். மரபணுவை மூல உயிரிலிருந்து பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் எடுத்த காலம் போய்விட்டது. வரிசையைக் கொடுத்து, ஈ.கோலைக்குப் பழக்கமான கோடான்களுக்கு (அமினோ அமிலத்தைக் குறிக்கும் மூன்றெழுத்துச் சொற்கள்) மாற்றி, செயற்கையாகவே செய்து வாங்கிவிடலாம். துண்டுகளை ஒட்ட 2009-இல் வந்த கிப்சன் முறை எளிது: ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும் துண்டுகளைக் கலந்து 50 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தால் போதும்.

இங்கே புதியவர் செய்யும் தவறு பேராசை. வலுவான புரோமோட்டர் (மரபணுவை இயக்கிவிடும் டிஎன்ஏ பகுதி), செல்லுக்கு நூற்றுக்கணக்கில் பிரதி எடுக்கும் பியூசி வகை பிளாஸ்மிட் (மரபணுவைச் சுமக்கும் சிறு டிஎன்ஏ வளையம்), புரோமோட்டரைத் தூண்டும் ஊக்கி வேறு தாராளமாக. செல்லின் புரத உற்பத்தியில் பெரும்பங்கு உங்கள் நொதிக்கே போய்விடும். செல் சோர்ந்து போகும். சில தலைமுறைகளில் பாதையை உடைத்துக்கொண்ட செல் ஒன்று வேகமாக வளர்ந்து குடுவையைப் பிடித்துக்கொள்ளும். நடுத்தரப் புரோமோட்டர், குறைந்த பிரதி பிளாஸ்மிட் என்று தொடங்குங்கள். பிஎஸ்சி101 வகை செல்லுக்கு ஐந்து பிரதி அளவில்தான் இருக்கும், பல நேரம் அதுவே போதும். இரண்டு பிளாஸ்மிட் வேண்டுமென்றால் இரண்டுக்கும் பிரதி தொடங்கும் பகுதி வேறு வேறாக இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒன்று மற்றொன்றைத் துரத்திவிடும்.

கட்டி முடித்ததும் முழு வரிசையையும் படிக்கக் கொடுங்கள். உங்கள் மரபணுக்கள் இல்லாத வெறும் பிளாஸ்மிட் மட்டும் உள்ள ஸ்டிரெயின் (செல் வகை) ஒன்றையும் ஒப்பிடக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் கிடைக்கும் எந்த முடிவுக்கும் அர்த்தமில்லை.

படி 7: வளர்த்து அளப்பது

ஊடகத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. எல்பி ஊடகத்தில் செல் ஜோராக வளரும், ஆனால் அதில் சர்க்கரை மிகக் குறைவு, செல் பெரும்பாலும் அமினோ அமிலங்களைத்தான் தின்கிறது. அதில் குளுக்கோஸ் சேர்த்து ஓட்டிவிட்டு விளைச்சல் கணக்கிட்டால், பொருளின் கார்பன் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாது. எம்9 போன்ற, உள்ளே இருப்பது அத்தனையும் தெரிந்த ஊடகத்தைப் பயன்படுத்துங்கள். வளர்ச்சி மந்தமாக இருக்கும், பரவாயில்லை. ஆக்சிஜன் இல்லாமல் ஓட்டினால் அமிலம் சேர்ந்து பிஹெச் மளமளவென்று இறங்கும், அதையும் கவனிக்க வேண்டும்.

அளவீட்டில் நான் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று. ஐசோபியூட்டனால் செய்யும் ஸ்டிரெயின் ஒன்றைப் பஞ்சு அடைத்த குடுவையில் 37 டிகிரி ஷேக்கரில் இரண்டு நாள் ஓட்டினேன். 24 மணி நேர மாதிரியில் இருந்த பொருள் 48 மணி நேர மாதிரியில் குறைந்திருந்தது. செல் அதைத் தின்கிறதோ என்று ஒரு வாரம் தாள் தாளாகப் படித்தேன். கடைசியில், செல்லே இல்லாத ஊடகத்தில் வாங்கிய ஐசோபியூட்டனாலை ஊற்றி அதே ஷேக்கரில் வைத்தபோது அதுவும் குறைந்தது. ஆவியாகிப் போயிருக்கிறது. ஷேக்கரைத் திறக்கும்போதெல்லாம் மூக்குக்கு வாசம் வந்துகொண்டுதான் இருந்தது! அன்றிலிருந்து ஆல்கஹால் என்றால் திருகு மூடி போட்ட குடுவைதான், கூடவே செல் இல்லாத குடுவை ஒன்று.

கருவிகளில், கலவையைப் பிரித்து ஒவ்வொரு பொருளையும் அளக்கும் எச்பிஎல்சி உங்கள் கண். கரிம அமிலங்களைப் பிரிக்கும் குழாய் (column), மிக நீர்த்த கந்தக அமிலம், ஒளிவிலகல் டிடெக்டர் இருந்தால் குளுக்கோஸ், சக்சினேட், லாக்டேட், ஃபார்மேட், அசிட்டேட், எத்தனால் எல்லாம் ஒரே ஓட்டத்தில் தெரியும். உங்கள் பொருளை மட்டும் அளந்துவிட்டு நிற்காதீர்கள். அத்தனையையும் அளந்து கார்பன் கணக்கை மூடுங்கள்.

மூடுவது எப்படி? இங்கிராம் பாணியில் எத்தனால் ஸ்டிரெயின் ஒன்று கட்டியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 10 கிராம் குளுக்கோஸ் தீர்ந்தது. எத்தனால் 2 கிராம், அசிட்டேட் 1.5 கிராம், உலர் செல் 1 கிராம். குளுக்கோஸில் உள்ளே போன கார்பன் 333 மில்லிமோல். எத்தனாலில் 87, அசிட்டேட்டில் 50. இந்த இரண்டும் உருவாகும்போது ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு கார்பன் வாயுவாகவோ ஃபார்மேட்டாகவோ கழன்றிருக்கும், அது 68.5. செல்லின் உலர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன் உண்டு, அதற்கு 40. கூட்டினால் 245.5. கால் பங்கு காணோம்!

காணாமல் போன 87.5 மில்லிமோலும் லாக்டேட் என்றால் 2.6 கிராம் இருக்க வேண்டும். குரோமடோகிராமில், அதாவது எச்பிஎல்சி வரைந்து தரும் கோட்டுப்படத்தில், போய்ப் பாருங்கள், லாக்டேட் முகடு நீங்கள் குறிக்காமல் விட்ட இடத்தில் நின்றுகொண்டிருக்கும். லாக்டேட் என்ற ஊகம் எலெக்ட்ரான் பக்கமும் சரிவருகிறதா? அசிட்டேட் 25 மில்லிமோல். அதற்கு ஜோடியாக 25 மில்லிமோல் எத்தனால் ஈ.கோலையின் சொந்தப் பாதையில் வந்திருக்க வேண்டும். அதற்குச் செலவு 50 என்ஏடிஹெச். மீதி 18.5 எத்தனால் புதிய பாதையில், செலவு 18.5. லாக்டேட் 29, செலவு 29. மொத்தச் செலவு 97.5 சுமார். இத்தனை பொருளுக்கும் வேண்டிய பைருவேட்டும் அதே அளவு, வரவான என்ஏடிஹெச்சும் அதே அளவு. ஆக உங்கள் ஸ்டிரெயினின் நோய் தெரிந்துவிட்டது: புதிய நொதி வேலை செய்கிறது, ஆனால் பழைய பாதை இன்னும் திறந்திருக்கிறது, லாக்டேட் பாதை வேறு பக்கவாட்டில் இழுக்கிறது. ஒரு புதிய மரபணுவும் தேடாமல் அடுத்த வேலை என்ன என்று தெரிந்துவிட்டது.

படி 8: மற்றக் கதவுகளை அடைப்பது

ஈ.கோலையில் எலெக்ட்ரான் சுமையை இறக்கும் கதவுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றின் மரபணுக்கள்: லாக்டேட்டுக்கு எல்டிஹெச்ஏ, எத்தனாலுக்கு ஏடிஹெச்ஈ, சக்சினேட்டுக்கு எஃப்ஆர்டி. அசிட்டேட்டுக்கான பிடிஏ எலெக்ட்ரானை இறக்காது, ஆனால் கார்பனைக் கொண்டுபோகும். இவற்றை நீக்க 2000-இல் வந்த லாம்டா ரெட் முறை இன்றும் நம்பகமானது. கெயோ தொகுப்பு என்று 2006-இல் வெளியான தொகுப்பில் 3,985 மரபணுக்கள் ஒவ்வொன்றாக நீக்கப்பட்ட ஸ்டிரெயின்கள் தயாராகவே இருக்கின்றன. பி1 வைரஸை வைத்து அந்த நீக்கத்தை உங்கள் ஸ்டிரெயினுக்குக் கடத்திவிடலாம். ஒவ்வொரு நீக்கத்துக்குப் பிறகும் ஒருமுறை அளந்து பாருங்கள். நாலையும் ஒரே மூச்சில் நீக்கிவிட்டு, வளராமல் போனதும் எதனால் என்று தெரியாமல் விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எல்லாக் கதவையும் அடைத்து ஒன்றை மட்டும் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2011-இல் லியாவின் குழு வெளியிட்ட பியூட்டனால் வேலையைப் படிக்க வேண்டும். இரண்டு அசிட்டைல்-கோஏ சேர்ந்து பியூட்டனாலாக நான்கு என்ஏடிஹெச் வேண்டும். குளுக்கோஸ் உடைவதில் வருவது இரண்டு. மீதி இரண்டு ஃபார்மேட்டில் அடைந்து கிடக்கிறது. வேறொரு ஈஸ்டிலிருந்து ஃபார்மேட் டீஹைட்ரஜனேஸைக் கொண்டுவந்து அதையும் மீட்டார்கள். நான்குக்கு நான்கு. நடுவில் திரும்பி ஓடும் ஒரு வினைக்குப் பதிலாக, ட்ரெபோனீமா டென்டிகோலா என்ற பாக்டீரியாவின் ஒருவழி நொதியை வைத்தார்கள். மேலே சொன்ன நான்கு கதவுகளையும் அடைத்தார்கள். இப்போது ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அந்தச் செல் வளர வேண்டுமென்றால் பியூட்டனால் செய்தே ஆக வேண்டும். குடுவையிலேயே லிட்டருக்கு 15 கிராம், பொருளை அவ்வப்போது வெளியே எடுத்தபோது 30 கிராம்.

இப்படிக் கட்டிய ஸ்டிரெயினில் இன்னொரு வசதி: பரிணாமம் உங்கள் பக்கம் சேர்ந்துகொள்ளும். சாதாரண ஸ்டிரெயினில் பொருள் செய்யாத செல் ஜெயிக்கும். இங்கே அதிகம் செய்யும் செல்தான் வேகமாக வளரும்.

படி 9: பெரிய தொட்டிக்குப் போவதற்கு முன்

குடுவையில் நடந்தது தொட்டியில் நடக்காமல் போகப் பல காரணங்கள் உண்டு. சர்க்கரை ஊற்றும் குழாய்க்குப் பக்கத்தில் இருக்கும் செல்லுக்குச் சர்க்கரை அளவுக்கு மீறிக் கிடைத்து அசிட்டேட்டாகக் கொட்டும், தூரத்தில் இருப்பது பட்டினி கிடக்கும். ஆக்சிஜன் எல்லா மூலைக்கும் எட்டாது. ஆன்டிபயாட்டிக் போட்டுப் பிளாஸ்மிட்டைக் காப்பாற்றுவது பெரிய அளவில் கட்டுபடியாகாது, அதனால் பாதையைக் குரோமோசோமிலேயே பதித்துவிட வேண்டும். பொருளே விஷமாவதும் உண்டு. அசிட்டோன், பியூட்டனால், எத்தனால் மூன்றும் சேர்ந்து லிட்டருக்கு 20 கிராம் அளவை நெருங்கும்போது குளோஸ்ட்ரிடியமே சோர்ந்துவிடுகிறது.

தொட்டி வரை போய் ஜெயித்த கதைகளில் டுபாண்ட், ஜெனென்கோர் நிறுவனங்களின் 1,3-புரொப்பேன்டையால் முக்கியமானது. ஈஸ்டின் மரபணுக்களையும் கிளெப்சியெல்லாவின் மரபணுக்களையும் ஈ.கோலையில் சேர்த்தார்கள், செறிவு லிட்டருக்கு 135 கிராம் வரை போனது. டென்னசியின் லௌடனில் ஆலை 2006-இல் ஓடத் தொடங்கியது. அதிலும் எனக்குப் பிடித்த பகுதி வாசலில் நடந்த மாற்றம். ஈ.கோலை வழக்கமாக உள்ளே விடும் ஒவ்வொரு குளுக்கோஸுக்கும் ஒரு பாஸ்ஃபோஈனால்பைருவேட்டை (பைருவேட்டுக்கு முந்தைய படியில் வரும் மூலக்கூறு) நுழைவுக் கட்டணமாக எடுத்துப் பைருவேட்டாக்கிவிடும். அதாவது பாதிக் கார்பன் உள்ளே வரும்போதே கீழே இறங்கிவிடுகிறது, ஆனால் இந்தப் பொருளின் பாதை அதற்கு மேலேயே கிளை பிரிகிறது. அவர்கள் அந்த வாசலை மூடிவிட்டு, செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபியில் கட்டணம் வாங்கும் வேறு வாசலைத் திறந்தார்கள்.

ஒவ்வொரு கட்டத்திலும் ஸ்டிரெயினை கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் இரண்டு குப்பிகளாவது வையுங்கள். பெயர், தேதி, தாய் ஸ்டிரெயின் எது என்பது மூன்றும் குப்பியின் மேலும் நோட்டிலும் இருக்கட்டும். நீண்ட நாள் வளர்த்துப் பரிணாமம் அடைந்த ஸ்டிரெயின் திடீரென்று நன்றாகச் செய்தால், அதன் மரபணுத் தொகுப்பு முழுவதையும் படித்து மாற்றத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு உறைய வைத்த பழைய தாய் ஸ்டிரெயினை எடுத்து அந்த ஒரு மாற்றத்தை மட்டும் அதில் செய்து, எம்9 ஊடகத்தில் மறுபடி ஓட்டுங்கள். விளைச்சல் ஏறினால் காரணம் அந்த மாற்றம்தான். ஏறாவிட்டால் மீதி மாற்றங்களை ஒவ்வொன்றாக எடுத்து இதையே செய்ய வேண்டியதுதான்.